கதையில் வரும் பொருள் எப்போது குறியீடாகிறது?

முதுகலைத் தமிழ் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: குமரி மாவட்டப் பின்னணியில் எழுதப்பட்ட சில சிறுகதைகளை வைத்து ‘மரபு, அடையாளம், குறியீடு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். நெல் சேமிக்கும் பத்தாயத்தின் சாவி அதிகாரத்தைக் குறிக்கிறது, கண்ணாடி சுயத்தைக் குறிக்கிறது, பனை உழைப்பைக் குறிக்கிறது, பாட்டிமார் அணியும் கனத்த காதணியான பாம்படம் பழமையைக் குறிக்கிறது, கடல் முடிவின்மையைக் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியதைப் படித்த வழிகாட்டி, ‘இது பட்டியல், ஆய்வு அல்ல’ என்று திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை, எழுத்தாளரிடமே பொருள் கேட்டு எழுதிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்வி இதைவிட ஆழமானது. ஒரு பொருள் குறியீடுதான் என்பதை எப்படி அறிவது, அறிந்ததைப் பிறர் ஏற்கும்படி எப்படி நிறுவுவது? இதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நாகர்கோவில் வட்டாரத்தில் பல ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறுகதை பாடம் நடத்தியவன் நான். உங்கள் வழிகாட்டி சொன்னது சரி என்றே நினைக்கிறேன்; காரணத்தை அவர் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். ‘சாவி அதிகாரத்தைக் குறிக்கிறது’ என்ற வாக்கியத்தை எழுத அந்தக் கதையைப் படித்திருக்க வேண்டியதே இல்லை. சாவி வரும் எந்தக் கதைக்கும் அது பொருந்தும். கதையைப் படிக்காமலே எழுதிவிடக்கூடிய வாக்கியம் அந்தக் கதையைப் பற்றிய ஆய்வாக முடியாது. உங்கள் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் இந்த ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். எது நிற்கிறது, எது விழுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பண்பாடு ஒரு பொருளுக்குப் பொதுவாக ஏற்றிவைத்திருக்கும் அர்த்தம் வெறும் தொடக்கம். கதைக்குள் யார் அதைத் தொடுகிறார்கள், யார் தொடக்கூடாது, அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, போகும்போது யாருக்கு என்ன இழப்பு என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைக் குறியீடாக்குகின்றன.

விளக்கத்துக்காக, அச்சில் வந்த கதை எதையும் எடுக்காமல் நானே ஒரு கதைச்சுருக்கத்தை அமைத்துக்கொள்கிறேன். நாஞ்சில் நாட்டில் பழையாற்றுப் பாசன வயல்கள் உள்ள ஒரு வேளாளர் வீடு. குடும்பத் தலைவரான காரணவர் இறந்து பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் முடிந்திருக்கிறது. அவர் இடுப்பில் கிடந்த பத்தாயச் சாவி அவருடைய சகோதரி மகன் கைக்குப் போகிறது. அந்த மருமகன் வெளியூரில் வளர்ந்தவன். காரணவருக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. அத்தனை நாளும் பத்தாயத்தைத் திறந்து நெல் அளந்து கொடுத்தவள், மணமாகாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட அவருடைய மகள். அறுப்புக் கூலிக்கு வந்தவர்கள் முற்றத்தில் காத்து நிற்கிறார்கள். மருமகன் சாவியைப் போட்டுத் திருப்புகிறான். பூட்டு திறக்கிறது, கதவு அசையவில்லை. கீல் இறங்கிப்போன கதவு அது. மகள் வருகிறாள். ஒன்றும் பேசாமல் கதவின் அடிப்பலகைக்கு முழங்காலைக் கொடுத்து ஓர் அங்குலம் மேலே தூக்கித் தள்ளுகிறாள். கதவு திறக்கிறது. நெல் அளக்கும் மரக்காலை எடுத்து அவன் காலருகே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். கதை அங்கே முடிகிறது.

இந்தக் கதையைப் பற்றி ‘சாவி அதிகாரத்தின் குறியீடு’ என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் கதையின் உயிர் சாவியில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. சாவி கைமாறக்கூடியது, கதவை எங்கே தூக்க வேண்டும் என்ற அறிவு கைமாறவில்லை. உரிமை ஒரு பக்கம் போகிறது, பழக்கம் இன்னொரு பக்கம் நின்றுவிடுகிறது. சாவியை வாங்கியவன் கதவின் முன்னால் செயலற்று நிற்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு வழக்கம் முழுவதும் கேள்விக்கு உள்ளாகிறது. அதைவிட முக்கியமானது, மகள் மரக்காலைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை என்பது. அவள் நினைத்திருந்தால் தானே அளந்து கொடுத்திருக்கலாம். கூலியாட்கள் அவளிடம் வாங்கித்தான் பழகியவர்கள். அவள் ஏன் அதைக் காலருகே வைத்துவிட்டுப் போனாள்? பணிவா, கோபமா, விடுதலையா? இந்த மூன்று வாசிப்புக்கும் கதை இடம் தருகிறது என்றால், மூன்றையும் கட்டுரையில் வையுங்கள். எதற்குச் சான்று அதிகம் என்று பாருங்கள். ‘காலருகே’ என்று எழுதியவர் ‘கையில்’ என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்து நான் கோபம் என்ற வாசிப்பின் பக்கம் சாய்வேன். ஆயினும் அது என் சாய்வுதான், நிறுவப்பட்ட உண்மை இல்லை. கட்டுரையிலும் அப்படியே எழுதுவேன்.

மரபு என்ற பகுதியில் பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். மேலே சொன்ன கதை எந்த ஆண்டில் நடக்கிறது? மருமக்கள்வழி முறையில் சொத்து காரணவரின் சகோதரி மக்களுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு கிடைக்கலாம், அவ்வளவுதான். இந்த முறையால் மனைவியரும் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் ஒரு காரணவர் மனைவியின் வாய்மொழியாகவே பாடினார். திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று கொண்டுவந்த சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. ஆகவே நம் கதை 1910-இல் நடந்தால், மருமகன் கைக்குச் சாவி போவது சட்டமும் ஊரும் ஒப்புக்கொண்ட நடைமுறை. அவன்மேல் கோபப்பட முடியாது, முறையின்மேல்தான் கோபப்பட வேண்டும். அதே கதை 1940-இல் நடந்தால், சட்டம் மாறிய பிறகும் ஒரு குடும்பம் மகளை ஒதுக்குகிறது என்று பொருள். அப்போது சாவியைக் கொடுத்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள் ஆகிறார்கள். அந்த மகளின் மௌனத்துக்கும் எடை கூடிவிடுகிறது. அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒரே சாவி, ஒரே கதவு, ஒரே முழங்கால். ஆண்டு மாறினால் கதையே மாறிவிடுகிறது. ‘மரபு’ என்று மட்டும் எழுதி நகர்ந்தால் இந்த வேறுபாடு முழுவதும் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

நம் மாவட்டத்துக் கதைகளை வாசிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்களில் ‘தொன்றுதொட்டு’ என்று சொல்லி முடித்துவிடும் பல வழக்கங்களுக்கு இங்கே தேதி போட முடியும். கிறிஸ்தவப் பாட்டி ஒருத்தி லேஸ் பின்னிக்கொண்டு திண்ணையில் இருக்கிறாள் என்று கதையில் வந்தால், அதைக் ‘குடும்ப மரபு’ என்று எழுதுவீர்கள். அது மரபுதான். ஆனால் அந்தக் கைவேலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பெண்கள் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. பெண்கள் தங்கள் கையால் கூலி சம்பாதிக்க வழி செய்த வேலை அது. ஆகவே அந்த லேஸ் கதையில் வரும்போது வெறும் அழகுப் பொருளாக மட்டும் வருவதில்லை. அதன் பின்னால் மதமாற்றம், பெண்கல்வி, சொந்தக் கூலி மூன்றும் நிற்கின்றன. மரச்சீனிக் கிழங்கும் அப்படித்தான். அது இல்லாமல் விளவங்கோட்டு வீட்டு அடுக்களையை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்துப் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். மரச்சீனியும் மீன்கறியும் ஒரு கதையில் ‘நம்ம ஊர்ச் சாப்பாடு’ என்று வந்தால், அந்தச் சாப்பாட்டின் வயதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வெளியிலிருந்து வந்தது என்பதால் அது மரபு இல்லை என்று சொல்ல வரவில்லை. வந்ததைத் தனதாக்கிக்கொள்ளும் வேலையே மரபின் பெரும்பகுதி என்பது என் கருத்து. அந்த வேலை கதைக்குள் நடக்கிறதா என்று பாருங்கள்.

யாருடைய மரபு என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. பெண்கள் மார்பை மறைத்துத் தோளில் போடும் துணியான தோள்சீலை வரும் கதை ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. ‘துணி மானத்தின் குறியீடு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். மேல்துணி அணியும் உரிமைக்காக நடந்த பல ஆண்டுக் கலவரத்துக்குப் பின் திருவிதாங்கூரில் 1859-இல் வந்த அரச அறிவிப்பு, சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலே துணி அணிந்துகொள்ளலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையும் அதோடு வந்தது. அந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கதையை இன்னொரு முறை படியுங்கள். அந்தப் பெண் துணியை எப்படிப் போட்டுக்கொள்கிறாள் என்று எழுத்தாளர் நிதானமாக இரண்டு மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறார் என்று நீங்களே மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். இடது தோளா, வலது தோளா, முடிச்சா, மடிப்பா என்பதெல்லாம் அங்கே அலங்கார வருணனையாக வரவில்லை. அனுமதிக்கப்பட்ட விதத்தில் அவள் அணிகிறாளா, அனுமதிக்கப்படாத விதத்தில் அணிகிறாளா என்பதே கதையின் முடிச்சாக இருக்கக்கூடும். துணி இருப்பதா இல்லாததா என்பதோடு நின்றுவிடாமல் துணியின் விதத்தைப் படியுங்கள். ஒரு சாரார் ‘வழக்கம்’ என்று சொன்னதை இன்னொரு சாரார் ‘கொடுமை’ என்று சொன்ன மண் இது. ‘மரபு’ என்ற சொல்லைக் கட்டுரையில் எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ‘யாருடைய’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் அருகருகே இருக்கின்றன. சாமிதோப்பில், அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் பதி என்ற வழிபாட்டுத் தலத்தின் பள்ளியறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடி இருக்கிறது. வணங்க வருபவர் அதில் தம்மையே பார்க்கிறார். ஆண்கள் தலைப்பாகை கட்டி உள்ளே போகிறார்கள். அந்தத் தலைப்பாகை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வைகுண்டர் கொடுத்த ஏற்பாடு அது. இவ்வளவும் நிலைநிறுத்தப்பட்ட செய்தி. ஆகவே அய்யாவழிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதையில், நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடத்தில் இருக்கும் கண்ணாடியின் முன்னால் ஒருவன் நின்றால், ‘கண்ணாடி தற்பெருமையைக் குறிக்கிறது’ என்று எந்தப் பொது நூலையும் பார்த்து எழுதக்கூடாது. தன்னைத் தாழ்ந்தவனாகப் பார்க்கப் பழக்கப்பட்ட ஒருவன் அங்கே தன் முகத்தைத் தலைப்பாகையோடு, வணங்கத்தக்க இடத்தில் பார்க்கிறான். தற்பெருமை என்ற வாசிப்புக்கு இதைவிடத் தொலைவான வாசிப்பு இருக்க முடியாது. ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள இன்னொரு கதையின் கண்ணாடி நாகர்கோவில் முடிதிருத்தகம் ஒன்றில் இருக்கிறது. அதையும் நீங்கள் அய்யாவழிக் கண்ணாடியோடு இணைத்துவிட்டீர்கள். அங்கே நான் உங்களோடு வர மாட்டேன். ஒரே மாவட்டம் என்பது மட்டும் போதுமான கயிறு இல்லை. அந்தக் கதையில் தலைப்பாகையோ, நாமமோ, பதியோ, ஒரு பேச்சோ எங்காவது வந்து அந்த இணைப்பைத் தாங்கினால் எழுதலாம். இல்லையென்றால் அது முடி வெட்டிக்கொள்ளப் பயன்படும் கண்ணாடி, அப்படியே விட்டுவிடுங்கள். கதையில் வரும் எல்லாப் பொருளும் குறியீடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. நாற்காலி பல நேரங்களில் உட்காரத்தான்.

பனை பற்றி நீங்கள் எழுதியிருக்கும் பகுதி எனக்கு வருத்தம் தந்தது, ஏனென்றால் அதுதான் உங்கள் கட்டுரையில் மிகச் செழிப்பாக வந்திருக்க வேண்டிய இடம். ‘பனை உழைப்பைக் குறிக்கிறது’ என்பதை எந்த ஊர்க்காரரும் எழுதலாம். பனையேறி காலையிலும் மாலையிலும் ஏறிப் பூங்கொத்தான பாளையைச் சீவுகிறார். காலில் தளைநார், மரத்தடியில் சாய்த்துவைத்த முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டி. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் ஊறுவது அக்கானி என்ற பதநீர். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இந்த ஒரு நடைமுறை தெரிந்தால் போதும், கதை வேறு விதமாகத் திறக்கும். உங்கள் பட்டியலில் உள்ள கதையில், மகன் ஒரு நாள் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாமலே மரம் ஏறுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதைக் கவனிக்காமல் ‘உழைப்பு’ என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் செயல்தான் கதை! அப்பா அக்கானி இறக்கினார், கருப்புக்கட்டி காய்ச்சினார். மகன் கள் இறக்கத் துணிகிறான். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. இப்பக்கம் குற்றமாக இருப்பது அப்பக்கம் தொழில். எல்லையோரக் கிராமத்தில் நடக்கும் கதை என்றால், சுண்ணாம்பு தடவாத அந்தக் கலயத்துக்குள் மகனின் துணிவு, குடும்பத்தின் பசி, இரண்டு மாநிலங்களின் சட்டம், சர்ச்சில் கேட்டு வளர்ந்த மதுவிலக்குப் பிரசங்கம் எல்லாம் இருக்கக்கூடும். இவற்றில் எவை கதைக்குள் உண்மையிலேயே இருக்கின்றன, எவை நான் இப்போது உற்சாகத்தில் சேர்ப்பவை என்று பிரிக்க வேண்டியது உங்கள் வேலை. சர்ச் கதையில் வருகிறதா? வரவில்லை என்றால் பிரசங்கத்தை விட்டுவிடுங்கள். குறியீட்டைத் தேடுபவர் மரத்தைப் பார்த்துவிட்டுக் கலயத்தைத் தவறவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பெரிய பொருள் கண்ணை இழுக்கும். கதையின் பாரம் பெரும்பாலும் சிறிய பொருளில் இருக்கும்.

பாம்படம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காது வளர்த்த பாட்டியைக் கதையில் கொண்டுவந்த உடனேயே பழமை வந்துவிட்டது என்று எழுத்தாளரே எண்ணிக்கொண்டு எழுதிய கதைகள் உண்டு. அத்தகைய கதையில் பாம்படம் நகையாக மட்டுமே இருக்கிறது என்று எழுதுவதும் ஆய்வுதான். அதை அடகு வைக்கும்போதோ, விற்கும்போதோ, வளர்த்த காதை அறுத்து ஒட்டவைத்துக்கொள்ள பேத்தி வற்புறுத்தும்போதோதான் அது பேசத் தொடங்குகிறது.

அடையாளம் என்ற சொல்லை நீங்கள் சாதி, மதம், மொழி என்ற மூன்று பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கதாபாத்திரத்தையும் அவற்றில் போட்டிருக்கிறீர்கள். அது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொருந்தும், கதைக்குப் பொருந்தாது. கதையில் ஒருவனுடைய அடையாளம், இரண்டு பக்கமும் இழுக்கப்படும்போது அவன் எந்தப் பக்கம் காலை வைக்கிறான் என்பதில் தெரியும். நம் மாவட்டமே அப்படி இழுக்கப்பட்ட மாவட்டம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. நவராத்திரிக்கு அந்த அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். மன்னரின் உடைவாளும் உடன் போகிறது. மாநில எல்லை இடையில் வந்தும் அந்தப் பயணம் நிற்கவில்லை. இதை ஒரு கதையில் பார்த்தால் உடனே ‘திருவிதாங்கூர் ஏக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள். கதாபாத்திரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஊர்வலத்தில் போகிறவரா, வழியோரத்தில் வணங்குகிறவரா, பல்லக்கைச் சுமக்கிறவரா, அந்த வழியில் நடக்கவே ஒரு காலத்தில் அனுமதிக்கப்படாத குடும்பத்தைச் சேர்ந்தவரா? திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வந்ததே 1936 நவம்பர் 12 அன்றுதான். அதற்கு முன் பிறந்த ஒரு பாட்டி கதையில் இருந்தால், அவள் நினைவில் அந்த ஊர்வலம் என்னவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். அடையாளம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பேச்சுமொழியும் இதில் சேரும். வீட்டில் ஒரு பேச்சு, அலுவலகத்தில் ஒரு பேச்சு என்று மாறும் கதாபாத்திரம் எந்த வாக்கியத்தில் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள். கோபத்தில் விளவங்கோட்டுப் பேச்சு திரும்பி வருகிறதா, துக்கத்தில் வருகிறதா என்பது முக்கியம். வட்டார வழக்கு இருக்கிறது என்று சொல்வது தகவல்; எங்கே வருகிறது, எங்கே மறைகிறது என்று காட்டுவது வாசிப்பு.

அச்சில் உள்ள கதை ஒன்றையாவது சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. அழகியபாண்டிபுரத்தில் பிறந்த கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ உங்கள் தலைப்புக்கு நேராகப் பொருந்துகிறது. அதில் ஒரு தேர்தல் நடக்கிறது. பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மாமியார் பூனையின் பக்கம்; மருமகளின் மனமோ கிளியின் பக்கம். இங்கே எழுத்தாளர் சின்னங்களைத் தாமே முன்னால் எடுத்து வைத்துவிடுகிறார். பூனை பிடிக்கும், கிளி அகப்படும் என்ற பொருள் வாசகருக்கு உடனே கிடைத்துவிடுகிறது. அதை எழுதுவது தவறில்லை, எழுத்தாளர் தெரிந்தேதான் தேர்ந்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதோடு நின்றால் கதையின் வாசலிலேயே நின்றுவிட்டோம். வாக்குச்சாவடி என்பது சட்டப்படி ஒரு பெண் முற்றிலும் தனியாக இருக்கும் இடம். மாமியார் அங்கே வர முடியாது. அந்த மறைவுக்குள்ளும் மருமகளின் கை மாமியாரின் விருப்பத்துக்கே போகிறது என்பதுதான் கதை தரும் அதிர்ச்சி. வெளியே வந்தவளிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்கும்போது, அவள் பூனையையும் சொல்லவில்லை, கிளியையும் சொல்லவில்லை, மாமியாரையே சொல்கிறாள். இரண்டு சின்னங்களும் அந்தப் பதிலில் கரைந்துபோகின்றன. மரபு அவளுக்கு வெளியே இருக்கும் கட்டளையாக இருந்திருந்தால் சாவடிக்குள் நுழைந்ததும் விலகியிருக்கும். அது அவள் கைக்குள்ளேயே குடியேறிவிட்டது. மரபு, அடையாளம், குறியீடு என்ற மூன்று சொற்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கத் தேவையே இல்லை என்பதற்கு இந்தக் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒரு கையும் ஒரு முத்திரையும் மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன.

கடல் பற்றி என் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான் வயல் பக்கத்து ஆள். கடற்கரை ஊர்க் கதைகளில் என் வாசிப்பு வெளியாளின் வாசிப்புதான். ஆனாலும் ‘கடல் முடிவின்மையைக் குறிக்கிறது’ என்பது கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவரின் எண்ணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டுமரம் தள்ளுகிறவருக்குக் கடல் தொழிலிடம். நீரோட்டம், காற்றின் திசை, பாறை இருக்கும் இடம், கரை தெரியும் தூரம் என்று அவருக்கு அது அளவுகளால் ஆனது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்கும் பிறகு எழுதப்பட்ட கதைகளில் அதே கடலுக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துவிட்டது. திரும்பி வராதவர்களின் வீடுகளில் அந்த அர்த்தத்தோடுதான் வாழ்கிறார்கள். இந்தப் பகுதியை எழுதும் முன் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த வாசகர் ஒருவரிடம் உங்கள் பக்கங்களைப் படிக்கக் கொடுங்கள். நான் பிடிக்கத் தவறும் பிழைகளை அவர் பிடிப்பார்.

கட்டுரையைத் திருத்தும்போது மூன்று வகைச் செய்திகளுக்கும் மூன்று விதமான வினைச்சொல்லைப் பயன்படுத்துங்கள். கதையில் அச்சாகியிருப்பதைக் ‘கதை சொல்கிறது’ என்று எழுதுங்கள். யாரும் புரட்டிச் சரிபார்க்கலாம். 1859, 1926, 1936, 1956 போன்றவற்றை ‘வரலாறு காட்டுகிறது’ என்று எழுதி, அந்த வரலாறு கதைக்குள் நுழையும் வரியையும் சேர்த்துக் காட்டுங்கள். நுழையாவிட்டால் வரலாற்றை விட்டுவிடுங்கள். மகள் மரக்காலைக் கோபத்தில் வைத்தாள் என்பது போன்றவற்றை ‘என்று வாசிக்க இடமிருக்கிறது’ என்று எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்று சொல்லி எழுதினால் கட்டுரை பலவீனப்படும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். தேர்வாளராக நான் படித்த கட்டுரைகளில், எல்லா வாக்கியத்தையும் ஒரே உறுதியோடு எழுதியவைதான் என் நம்பிக்கையை முதலில் இழந்தன.

கடைசியாக, எழுத்தாளரிடம் கேட்கலாமா என்பது. கேளுங்கள், ஆனால் ‘இந்தக் கண்ணாடி எதைக் குறிக்கிறது’ என்று கேட்காதீர்கள். அவர் சொல்லும் பதில் கதை எழுதி முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் பதில். அவரும் அப்போது ஒரு வாசகர்தான். அவரால் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகளைக் கேளுங்கள். தோள்சீலைக் கதையில் அந்தப் பெண் துணியைப் போட்டுக்கொள்ளும் விதத்தை யாரிடம் கேட்டறிந்து எழுதினீர்கள்? பனைக் கதை நடக்கும் கிராமம் எல்லைக்கு எந்தப் பக்கம்? முதல் பதிப்பில் இருந்த வரி இரண்டாம் பதிப்பில் ஏன் மாறியது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எழுத்தாளர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். பதிலைப் பின்னிணைப்பில் தேதியோடு சேருங்கள். கட்டுரைக்குள் அதைத் தீர்ப்பாக வைக்காமல், மற்றச் சான்றுகளில் ஒன்றாக வையுங்கள். திருத்திய படியில் பனைக் கதைப் பகுதியை முதலில் எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் சான்றுகளில் அதுதான் வலுவானது.